பவுனுக்கு ஊர் உண்டா?

வளையலின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்று குறிகள் தெரியும். முக்கோண வடிவில் பிஐஎஸ் முத்திரை. அதற்குப் பக்கத்தில் 22கே916. அடுத்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்களில் இந்த ஆறு இலக்கம் இல்லாத புது நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், இன்ன மையத்தில் சோதித்தது, இன்ன கடை கொடுத்து முத்திரை வாங்கியது என்பதை இந்த மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும். அந்தத் தங்கம் எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்பதற்கு மட்டும் அங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது.

காலியாக இருக்கும் அந்த இடத்தை நம் வீடுகளில் ஊர்ப்பெயர் சொல்லி நிரப்பிக்கொள்கிறோம். "இது சிங்கப்பூர் பவுன்", "அது துபாய் தங்கம், அதான் இந்த மஞ்சள்" என்று கல்யாண வீடுகளில் பேச்சு ஓடும். சிங்கப்பூரில் தங்கச் சுரங்கம் கிடையாது. துபாயிலும் கிடையாது. இந்தியாவின் தங்க இறக்குமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அனுப்பும் சுவிட்சர்லாந்திலும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சுரங்கம் இல்லை. நிறத்தை முடிவு செய்வது ஊர் அல்ல, கலப்பு. 22 காரட்டில் தங்கம் போக மிஞ்சும் எட்டுச் சொச்சம் சதவீதத்தில் செம்பு கூடினால் நகை சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். துபாயும் சிங்கப்பூரும் நாம் நகை வாங்கிய கடைவீதிகள், அவ்வளவுதான்.

தங்கம் தங்கம்தானே, எங்கிருந்து வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. கானாவில் எடுத்த தங்கத்துக்கும் கனடாவில் எடுத்த தங்கத்துக்கும் சுத்தம் செய்த பிறகு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் கானாவில் அதை எடுத்தவரின் கூலிக்கும், கனடாவில் எடுத்தவரின் கூலிக்கும் வித்தியாசம் உண்டு. எடுத்த இடத்தில் ஓடிய ஆற்றின் கதியிலும் உண்டு. ஊரைக் கேட்பது அதற்காகத்தான்.

முதலில் நம் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். தங்கச் சுரங்கம் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி 1880இல் அங்கே இறங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்தான் அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் மக்கள். சுரங்கத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காகவே 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் புனல்மின் நிலையம் கட்டி, நூறு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம் கம்பி இழுத்தார்கள். பெங்களூரு நகரத்துத் தெருவிளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தங்கவயலில் மின்சாரம் வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அதில் செத்தவர்கள் ஏராளம். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே எடுத்த தங்கத்தின் பெரும்பகுதி கப்பலேறி லண்டனுக்குப் போனது.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலை மூடினார்கள். தங்கம் தீர்ந்துபோனதால் மூடவில்லை. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் சில கிராமாகக் குறைந்து, அதை அவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கும் செலவு அதன் விலையைத் தாண்டிவிட்டது. மிஞ்சியவை ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுச் சோற்றுப்பானை வரைக்கும் வரும். 120 ஆண்டுகளில் தங்கவயல் தந்தது மொத்தம் சுமார் 800 டன் தங்கம். 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் நகையாகவும் நாணயமாகவும் கட்டியாகவும் வாங்கியதும் ஏறத்தாழ 800 டன்தான். இந்தியாவில் இன்று தொடர்ந்து ஓடும் பெரிய தங்கச் சுரங்கம் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி. அது ஆண்டுக்கு ஒன்றரை டன் அளவில் தருகிறது. ஆகவே உங்கள் நகையில் உள்நாட்டு மண்ணின் தங்கம் இருக்கிறதா என்றால், பழைய நகையாக இருந்தால் ஓரளவு இருக்கலாம். புதிதாக இருந்தால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலும் ஒரு தங்க மோகம் அடித்து ஓய்ந்தது. நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்ற செய்தியில் 1880ஐ ஒட்டி லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் ஏறின. காட்டுக்குள் இயந்திரங்களை ஏற்றினார்கள். சில வருடங்களில் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. பங்கு விற்றவர்கள் பார்த்த தங்கம் பாறையிலிருந்து வந்ததைவிட அதிகமாக இருந்திருக்கும். கைவிட்ட குழிகள் இன்னும் அந்தத் தேயிலைச் சரிவுகளில் இருக்கின்றன. திருட்டுத்தனமாக உள்ளே இறங்கி உயிரை விடுபவர்களும் இருக்கிறார்கள்.

உலகக் கணக்குக்கு வருவோம். தங்கம் நட்சத்திரங்களின் மோதலில் பிறந்தது என்பதில் தொடங்கும் கட்டுரைகள் நிறைய உண்டு. உண்மைதான், ஆனால் வளையலின் விவகாரத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மனிதர்கள் இதுவரை மண்ணிலிருந்து எடுத்த தங்கம் மொத்தம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டன்னுக்கு மேல். எல்லாவற்றையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சுமார் 22 மீட்டர். ஏழு மாடிக் கட்டிடம் ஒன்று. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நகையாக இருக்கிறது. இன்னொரு கணக்கைப் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். அந்த மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு 1950க்குப் பிறகு எடுத்தது. தங்கம் என்றால் ராஜா காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அளவை வைத்துப் பார்த்தால் அது நம் தாத்தா பாட்டி காலத்துக்குப் பிந்திய தொழில்.

இன்று ஆண்டுதோறும் சுரங்கங்களிலிருந்து வெளிவருவது 3,600 டன் அளவில். பழைய நகைகளை உருக்கித் திரும்ப வருவது 1,200 முதல் 1,400 டன் வரை. சுரங்க நாடுகளில் சீனா, ரஷ்யா, ஆஸ்திரேலியா முன்வரிசையில் நிற்கின்றன. கனடா, அமெரிக்கா, கானா, பெரு, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் எல்லாம் அடுத்தடுத்து வரும். தென்னாப்பிரிக்காவின் பெயர் இந்த வரிசையில் பின்னால் போய்விட்டது பலருக்கும் வியப்பாக இருக்கும். விட்வாட்டர்ஸ்ராண்ட் என்ற மலைத்தொடரில் 1886இல் தங்கம் கண்டுபிடித்த பிறகுதான் ஜோகன்னஸ்பர்க் என்ற நகரமே உருவானது. 1970இல் அந்த ஒரு நாடு 1,000 டன் எடுத்தது. இன்று 100 டன் பக்கத்தில். மேலே இருந்ததை எடுத்து முடித்து இப்போது 4 கிலோமீட்டர் ஆழத்தில் தோண்டுகிறார்கள். தங்கவயலின் கதைதான், அளவு பெரிது.

ஒரு பவுன் என்பது 8 கிராம். 22 காரட்டில் அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 7.3 கிராம். இன்றைய திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன் பாறையில் இருக்கும் தங்கம் ஒன்று, ஒன்றரை கிராம். ஒன்றரை என்றே வைத்தாலும் ஒரு பவுனுக்கு ஐந்து டன் பாறையை உடைத்து மாவாக்க வேண்டும். அந்தப் பாறையை அடைவதற்காக மேலே ஒதுக்கித் தள்ளும் வெறும் பாறை தனிக்கணக்கு. இவ்வளவு மெல்லிய தங்கத்தைக் கையால் பொறுக்க முடியாது. கண்ணுக்கே தெரியாது. 1887இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்த முறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது: பாறை மாவில் நீர்த்த சயனைடு கரைசலை ஊற்றினால் தங்கம் கரைந்து வரும், பிறகு கரைசலிலிருந்து அதைப் பிரித்துக்கொள்ளலாம். ஒழுங்காக நடத்தினால் சயனைடு தொட்டிகளுக்குள்ளேயே சுற்றும். ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் பார்த்தோம். கழிவுக் குளத்தின் கரை உடைந்து சயனைடு நீர் டிசா ஆற்றில் கலந்து, டானூப் வரைக்கும் போனது. ஹங்கேரியில் டன் கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன.

பெரிய கம்பெனிகளின் கதை இது. இவர்களையாவது பெயர் சொல்லிக் கேள்வி கேட்கலாம், ஆண்டறிக்கையைப் புரட்டலாம், வழக்குப் போடலாம். உலகச் சுரங்கத் தங்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருபவர்கள் வேறு ஆட்கள். மண்வெட்டி, கடப்பாரை, ஒரு பம்பு, ஒரு சல்லடை வைத்திருக்கும் சிறு தோண்டிகள். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆசியா முழுவதுமாக ஒன்றரைக் கோடிப் பேருக்குக் குறையாமல் இந்த வேலையில் இருக்கிறார்கள். கானாவில் இதற்கு கலாம்சே என்று பெயர். பெருவில் மாத்ரே தெ தியோஸ் வட்டாரத்தில் அமேசான் காட்டை அழித்துக் குழி குழியாக்கியிருப்பது இந்தத் தொழில்தான்.

அவர்கள் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். உடைத்த பாறையைப் பொடியாக்கி, தண்ணீரில் அரித்து, கனமான கருமணலை அடியில் நிறுத்துகிறார்கள். அந்தச் சட்டியில் கொஞ்சம் பாதரசத்தைச் சாய்த்து வெறுங்கையால் பிசைகிறார்கள். பாதரசம் தங்கத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும், மணலை விட்டுவிடும். பிறகு அதைத் துணியில் கட்டிப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் வழிந்துபோய், துணிக்குள் சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளிநிற உருண்டை நிற்கும். அதைக் கரண்டியில் வைத்துத் தீக்குழலால் சுட்டால் பாதரசம் ஆவியாகப் பறந்துவிடும். எஞ்சுவது கடற்பஞ்சு மாதிரி துளை விழுந்த மங்கலான மஞ்சள் கட்டி. பல நேரங்களில் இந்தச் சுடுதல் வீட்டு அடுப்பங்கரையிலேயே நடக்கும், பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தொழிலிலிருந்து வருகிறது; நிலக்கரி எரிப்பதால் வருவதைவிட இது அதிகம். 2013இல் கையெழுத்தாகி 2017இல் அமலுக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, முடிந்தவரை இதைக் குறைக்கும்படி நாடுகளைக் கேட்கிறது. பாதரசம் இல்லாமலும் தங்கம் பிரிக்கலாம். அதற்கு மேசையும் இயந்திரமும் முதலும் வேண்டும். அன்றன்றைக்குத் தோண்டி அன்றன்றைக்கு அரிசி வாங்குபவரிடம் அந்த முதல் இல்லை.

இந்த மஞ்சள் கட்டி அங்கிருந்து எங்கே போகிறது? குழி அருகிலேயே ஒரு வியாபாரி இருப்பார். அவர் பத்துக் குழிகளின் கட்டியை வாங்கி உருக்குவார். பட்டணத்து வியாபாரி பத்து உள்ளூர் வியாபாரிகளிடம் வாங்குவார். எல்லை தாண்டினால் வரி குறைவு என்றால் எல்லை தாண்டும். ஆப்பிரிக்கத் தங்கத்தில் பெரும்பகுதி விமானப் பயணிகளின் கைப்பையிலேயே துபாய் போய்ச் சேர்ந்தது என்பது பல ஆண்டுகளாக உலகறிந்த ரகசியம். 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கணக்கில் வராமல் வெளியேறியது 435 டன் என்று சுவிஸ்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனது என்றும் சொன்னது. ஆயுதக் கும்பல்களின் கையில் இருக்கும் குழிகளிலிருந்து வந்ததும், ஏழைக் குடும்பம் நேர்மையாகத் தோண்டியதும் அந்தப் பைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். துபாயில் ஒருமுறை உருக்கி வார்த்துவிட்டால் அது அமீரகத்துத் தங்கம். 2022 மே மாதம் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி, அமீரகத்திலிருந்து குறிப்பிட்ட அளவுவரை வரும் தங்கத்துக்கு இந்தியா ஒரு சதவீத வரிச்சலுகையும் தருகிறது.

சுத்திகரிப்பு ஆலையைப் புரிந்துகொண்டால்தான் பவுனின் ஊர் ஏன் தொலைகிறது என்பது விளங்கும். சுரங்கத்திலிருந்து வருவது டோரே எனப்படும் முரட்டுக் கட்டி. தங்கத்தோடு வெள்ளி, செம்பு, இன்னும் பல உலோகங்கள் அதில் இருக்கும். எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு மாதிரி. அதைக் கைரேகை போலப் படிக்கலாம். திருடிய தங்கத்தைக் கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்கப் போலீஸ் இந்த முறையைப் பயன்படுத்துகிறது. ஆலையில் உருகிய கட்டிக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தினால் மற்ற உலோகங்கள் பிரிந்து மேலே வரும், தங்கம் 99.5 சதவீதம் அளவுக்குச் சுத்தமாகும். மின்பகுப்புக்கு அனுப்பினால் 99.99. சுத்தம் ஏற ஏற, அந்தக் கைரேகை அழிந்துகொண்டே போகும். வேறு சில உலோகங்களில் ஐசோடோப்பு விகிதத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியும். தங்கத்தில் அதுவும் நடக்காது, ஏனென்றால் இயற்கையில் நிலைத்து நிற்கும் தங்க ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான், 197. உலகத்தின் எந்த மூலையில் எடுத்தாலும் அதே 197. சுத்தமான தங்கத்தை எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் அதன் பிறந்த ஊரைச் சொல்ல ஆளில்லை.

அதோடு ஆலையில் ஒரு சுரங்கத்துச் சரக்கைத் தனியாக உருக்குவது அபூர்வம். காலையில் பால் சொசைட்டிக்குப் போகும் பாலை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வீட்டு மாட்டுப் பால் ஒரே கேனில் விழுந்த பிறகு, எந்தச் சொட்டு எந்த மாட்டுடையது என்று கேட்பதில் பொருளில்லை. எந்தெந்த வீட்டிலிருந்து எத்தனை லிட்டர் வந்தது என்ற நோட்டு மட்டும் இருக்கும். அந்த நோட்டை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

தங்கத்தில் அந்த நோட்டைப் பராமரிக்கும் பெரிய ஆலைகளில் நான்கு சுவிட்சர்லாந்தில் இருக்கின்றன. வல்காம்பி, பாம்ப், ஆர்கோர் ஹெரேயஸ் ஆகிய மூன்றும் இத்தாலிய எல்லையை ஒட்டிய டிசினோ மாநிலத்தில் சில மைல் தூரத்துக்குள் அடுத்தடுத்து உள்ளவை, மெடலோர் நியூஷாடெல்லில். வல்காம்பியை 2015இல் வாங்கியது பெங்களூருவைச் சேர்ந்த ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ் என்பது நம்மூரில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. இந்தியாவுக்குள்ளும் ஆலைகள் உண்டு. இறக்குமதியான டோரேயை இங்கேயே சுத்தம் செய்கிறார்கள். லண்டன் புல்லியன் சந்தையின் அங்கீகாரப் பட்டியலில் இடம்பெற்ற இந்திய ஆலை, ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் உள்ள எம்எம்டிசி பாம்ப். அந்தப் பட்டியலில் இருக்கும் ஆலைகள் 2012 முதல், தங்கம் எங்கிருந்து வருகிறது, மோதல் பகுதிகளிலிருந்து வருகிறதா என்று விசாரித்து, வெளியார் தணிக்கைக்கும் உட்பட வேண்டும்.

இந்தக் காகித ஏற்பாட்டை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 2022 மார்ச்சில் ரஷ்ய ஆலைகளை லண்டன் சந்தை பட்டியலிலிருந்து நிறுத்திவைத்ததும், அவற்றின் புதுக் கட்டிகளுக்கு அந்தக் கதவு ஒரே நாளில் மூடிக்கொண்டது. நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், தணிக்கை ஆலை வாசலில் கூர்மையாக இருக்கிறது, குழிமேட்டை நோக்கிப் போகப் போக மழுங்குகிறது. துபாயில் ஒருமுறை உருகி, 'பழைய நகைத் தங்கம்' என்ற பெயரில் வரும் கட்டிக்கு அதற்கு முந்தைய சரித்திரத்தைக் காட்ட ஆள் கிடையாது.

பழைய நகை என்றதும் நம் வீட்டுப் பீரோவுக்கு வந்துவிடுகிறோம். இந்தியக் குடும்பங்களிடம் இருக்கும் தங்கம் 25,000 டன் வரை இருக்கலாம் என்று உலகத் தங்கக் கவுன்சில் மதிப்பிடுகிறது. நம் மண் கொடுத்தது அதில் மிகச் சொற்பம். அப்படியானால் மற்றதெல்லாம் எப்படி வந்தது? வெகுகாலம் வியாபாரத்தில்தான். ரோமாபுரித் தங்கம் மிளகுக்காக இந்தியாவுக்கு ஒழுகிப்போகிறது என்று முதலாம் நூற்றாண்டில் பிளினி புலம்பினார். யவனர் கப்பல் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போனதை அகநானூறும் பதிவு செய்திருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் மண்ணுக்குள் ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அந்தக் காசுகள் மண்ணில் கிடந்ததால் தப்பின. மற்றவை எத்தனையோ முறை உருகி, தாலியாகவும் காப்பாகவும் மாறி மாறி நமக்குள்ளேயே சுற்றியிருக்க வேண்டும்.

நெருங்கிய காலத்துக்கு வந்தால் கதை அவ்வளவு அழகாக இல்லை. சீனப் போரை ஒட்டிய அந்நியச் செலாவணி நெருக்கடியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 1963இல் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டறையை மூடிவிட்டுத் தெருவுக்கு வந்தன. தற்கொலைகளும் நடந்தன. 1968இல் கட்டுப்பாடு முழுச் சட்டமாகி, 1990இல்தான் நீங்கியது. அந்த இடைப்பட்ட காலத்தில் நாட்டில் கல்யாணங்கள் நிற்கவில்லை. தாலிக்கு 14 காரட்டில் யாரும் சம்மதிக்கவும் இல்லை. லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் வாங்கிய பத்துத் தோலா பிஸ்கட்டுகள் துபாய் போய், அங்கிருந்து பாய்மரப் படகுகளில் மேற்குக் கரைக்கு வந்து இறங்கின. தமிழ் சினிமாவின் வில்லன்கள் சூட்கேஸைத் திறந்தால் மின்னியது அதுதான். எழுபதுகளில் கல்யாணமான ஒரு பாட்டியின் இரட்டைவடச் சங்கிலியில் அந்தக் கள்ளக்கடத்தல் பிஸ்கட் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்தப் பாட்டிக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

வரி ஏறினால் கடத்தல் ஏறும், இறங்கினால் இறங்கும். 2022இல் இறக்குமதி வரி 15 சதவீதம் ஆனபோது மன்னார் வளைகுடா வழியாக இலங்கையிலிருந்து தங்கம் வந்தது. மண்டபம் பக்கம் துரத்தல் வந்ததும் கடலில் வீசிய பொட்டலங்களை முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்கள். 2024 ஜூலையில் வரியை 6 சதவீதமாக்கியதற்குச் சொன்ன காரணங்களில் கடத்தலும் ஒன்று. பிடிபட்ட தங்கமும் கடைசியில் அரசு மூலமாகச் சந்தைக்குத்தான் வந்து சேரும்.

இப்போது நகைக்கடையில் பழைய நகை மாற்றுபவரைப் பாருங்கள். காரட் மீட்டரில் வைத்துத் தரம் பார்க்கிறார்கள், கண் முன்னே உருக்குகிறார்கள், கல்லும் பொடியும் கழித்து எடை போடுகிறார்கள். அத்தோடு வாடிக்கையாளரின் வேலை முடிந்தது. கட்டி அங்கிருந்து சௌகார்பேட்டைக்கோ கோவைக்கோ போய், நூறு பேருடைய கட்டிகளோடு சேர்ந்து சுத்தமாகி, புதுத் தங்கத்தோடு கலந்து பட்டறைக்கு வரும். கோவைப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எறிய மாட்டார்கள். ராவும்போதும் மெருகு போடும்போதும் பறந்த தூள் அதில் இருக்கிறது. கை கழுவிய தண்ணீரையும் தொட்டியில் பிடித்துவைப்பார்கள். அதையும் மீறித் தப்பும் தூளைத் தேடி, விடிவதற்கு முன்னால் பட்டறைத் தெருவின் சாக்கடை மண்ணை வாரி அரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டியிலும் கடைசியில் பாதரசம்தான் விழுகிறது. கானாவின் குழிமேட்டில் நடப்பது நம்மூர்ச் சந்துக்குள்ளும் நடக்கிறது. ஒரு வித்தியாசம், இங்கே அரிக்கும் தங்கம் ஏற்கெனவே ஒருமுறை உலகம் சுற்றி வந்தது.

'மறுசுழற்சித் தங்கம்' என்று விளம்பரம் செய்யும் கடைகள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செம்பையோ பிளாஸ்டிக்கையோ மறுசுழற்சி செய்தால் குப்பைக்குப் போக வேண்டியது மீண்டது என்று பொருள். தங்கத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. அது ஆதிகாலம் தொட்டு மறுசுழற்சியில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு கடை மறுசுழற்சித் தங்கத்தை மட்டும் வாங்குவதால் உலகத்தில் ஒரு சுரங்கமும் மூடிவிடப் போவதில்லை. போன மாதம் குழியிலிருந்து எடுத்ததைச் சங்கிலியாக ஒருமுறை வார்த்து, அடுத்த நாளே உருக்கினால் அதுவும் 'பழைய நகை'தான். பயனுள்ள மறுசுழற்சி கைப்பேசிகளிலிருந்து எடுப்பது. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்கு ஜப்பானியர்கள் 79,000 டன் பழைய மின்னணுப் பொருட்களைத் திரட்டி 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். அது குப்பைக்குப் போயிருக்க வேண்டிய தங்கம்.

மாறாக, அம்மாவின் வளையலை அதே ஆசாரியிடம் கொடுத்து, அதே தங்கத்தில் மகளுக்கு நெக்லஸ் செய்து வாங்கும் பழைய வழக்கம் இருக்கிறதே, அதில் இருக்கும் தெளிவு எந்தச் சான்றிதழிலும் இல்லை. பட்டறையில் உட்கார்ந்து மூசையில் உருகுவதைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதற்கு முந்தைய சரித்திரம் தெரியாதுதான். புதிதாக ஒரு குழியும் அதற்காகத் தோண்டவில்லை என்பதாவது நிச்சயம்.

புது நகை வாங்குபவர் என்ன கேட்கலாம்? எந்த நாட்டுத் தங்கம் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது, பாவம். ஏதாவது ஒரு ஊரைச் சொல்லிச் சமாளிப்பார். எந்த ஆலையின் கட்டியில் செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். கட்டியில் ஆலையின் முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும், வாங்கிய பில் இருக்கும். ஆலையின் பெயர் கிடைத்தால் அது லண்டன் பட்டியலில் இருக்கிறதா, தன் தங்கத்தை எங்கிருந்து வாங்குகிறது என்று ஆண்டுதோறும் சொல்கிறதா என்பதை யாரும் பார்த்துக்கொள்ளலாம். தென்னமெரிக்காவின் சிறு தோண்டிகள் சங்கம் அமைத்து, விதிகளுக்கு உட்பட்டு எடுக்கும் 'ஃபேர்மைன்ட்' போன்ற சான்றிதழ்த் தங்கமும் உலகச் சந்தையில் உண்டு. அளவு குறைவு, விலை சற்றுக் கூட. சிறு தோண்டிகளின் தங்கமே வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்குவதைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது. ஒதுக்கினால் அவர்கள் தோண்டுவதை நிறுத்தப்போவதில்லை. கைப்பை ஆசாமிக்கு இன்னும் மலிவாக விற்பார்கள்.

அரசு செய்யக்கூடியது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிஐஎஸ் கேர் செயலியில் எச்யுஐடியின் ஆறு இலக்கத்தைத் தட்டினால் நகையின் வகை, தூய்மை, கடையின் பதிவு, சோதித்த மையம், முத்திரையிட்ட தேதி எல்லாம் வந்துவிடுகின்றன. அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: ஆலைக் கட்டியில் செய்ததென்றால் ஆலையின் பெயர், பழைய நகையை உருக்கியதென்றால் 'பழைய நகை', இரண்டும் கலந்ததென்றால் 'கலப்பு'. பெரும்பாலான நகைகளுக்கு மூன்றாவதுதான் வரும். வரட்டும். அந்த வரி வரும்வரை, சேதாரத்தையும் செய்கூலியையும் குறைக்கச் சொல்லிப் பேரம் முடித்த பிறகு, பில்லில் ஆலையின் பெயரையும் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.